பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

ரேஞ்சர் இல்லையென்றால் பரவாயில்லை அம்மா, உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் பெண்பிள்ளையாக இருப்பதும் நல்லதாகப் போயிற்று. வாசல் வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். காலையில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள், ஏழு பேர் வெளியே வந்தார்கள். எட்டாவது ஆள் நீங்கள்தான் என்று இப்போது தெரிகிறது.

என் பெயர் பூரணம். ஊர் பூவன்குளம். ஐந்தாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், மனு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்று நடுவில் சொல்லிவிடுவேன்.

விஷயம் இதுதான். ஆடி அமாவாசைக்கு மருதடி அய்யனார் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் காட்டுக்குள் ஆற்றங்கரையில் மூன்று நாள் குடில் போட்டுத் தங்குகிறோம் அல்லவா, போன வருஷம் வனத்துறையிலிருந்து நீங்கள் இடத்துக்கு இடம் எண் போட்டுக் கொடுத்தீர்கள். இனி ஒவ்வொரு வருஷமும் அவரவர் எண்ணில்தான் தங்க வேண்டும் என்று சொன்னீர்கள். மொத்தம் அறுபத்து நான்கு எண். எங்களுடையது பதினேழு. பதினெட்டு எங்களுக்குக் கீழே, ஆற்றுப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருபத்து நான்கு காலடி சும்மா கிடக்கிறது. அதில் இந்த வருஷம் புதிதாக ஒரு குடும்பத்துக்கு இடம் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கொடுக்கக் கூடாது. இதுதான் மனு. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் நாற்பத்தோரு வருஷம் பீடி சுற்றினவள். கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஒன்று குறைந்தாலும் கட்டைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். அதனால் எதை எண்ணினாலும் இருபத்தைந்தில் என் வாய் தானாக நிற்கும். ஒரு கட்டு என்று விரலை மடக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். பஸ்ஸில் வரும்போது மைல்கல்லையும் அப்படித்தான் எண்ணினேன். இது எழுத வேண்டாம். நான் எண்ணினால் தப்பாது என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் தெருவில் ஒன்பது குடும்பம் கோயிலுக்கு வரும். ஒன்பதுக்கும் இடம் பார்ப்பது நான்தான். இருபத்தொன்பது வருஷமாக நான்தான். ஆற்றுத் தண்ணீரிலிருந்து நான்கு கட்டு, அதாவது நூறு காலடி, மேலே வர வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் குடிக்க வருகிற மிளா மான் நம் அடுப்பை மிதிக்கும். கூடினால் குடம் தூக்குகிறவள் இடுப்பு ஒடியும். தலைக்கு மேலே பட்ட கிளை இருக்கக் கூடாது. மூங்கில் பக்கமே போகக் கூடாது, யானை வரும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். ஓடுகிற பக்கம் கால், ஓடாத பக்கம் தலை. உள்ளங்கையைத் தரையில் வைத்து இருபத்தைந்து எண்ணுவேன். அதற்குள் எறும்பு கடிக்காவிட்டால் அங்கே படுக்கலாம். இருபத்தொன்பது வருஷத்தில் எங்கள் குடிலில் ஒருவரைத் தேள் கொட்டியதில்லை. பானை ஒரே ஒரு முறை கவிழ்ந்தது, அது என் தம்பி மந்திரத்தின் கால் பட்டு. அதற்கு இடம் பொறுப்பல்ல.

இடம் பார்த்த பிறகு மூன்று கல் வைத்துப் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி முதல் துளி அய்யனாருக்கு என்று மண்ணில் விட்டுவிட்டால் அந்த அமாவாசைக்கு அந்த இடம் நமக்கு. அப்புறம் அடுப்பை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் சாமி கோபித்துக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வந்திருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

போன வருஷம் எண் போடப் போகிறார்கள், கிடைக்கிற இடம்தான் இனி எப்போதும் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பழைய இடம் கைவிட்டுப் போகக் கூடாதே. முதல் பஸ்ஸிலேயே நானும் என் தம்பி மனைவி செல்லக்கனியும் பால், கல், கரி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மற்றவர்கள் தார்ப்பாயோடு மத்தியானம் வருவதாக ஏற்பாடு. எங்கள் இடத்துக்கு அடையாளமாக ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அது சித்திரைக் காற்றில் விழுந்து, நீங்கள் அறுத்து எடுத்துவிட்டீர்கள் போல, காணவில்லை. எனக்கு மரம் எதற்கு? தண்ணீர் ஓரத்தில் நின்று எண்ண ஆரம்பித்தேன். நான்கு விரல் மடங்கியதும் நின்றேன். "இங்கே வைட்டி கல்லை" என்றேன்.

செல்லக்கனி சுற்றிப் பார்த்தாள். "மயினி, நம்ம இடம் மாதிரித் தெரியலையே. நம்ம இடத்துல நின்னா கோயில் மணி தெரியும்லா?"

"கண்ணு ஏமாத்தும். எண்ணிக்கை ஏமாத்தாது. ஊதுட்டி அடுப்பை" என்றேன்.

பால் பொங்குகிற நேரம் ஒருவர் வந்து நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு கயிறு, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டது. பின்னால் அவர் மகள். பெயர் கொம்பையா என்பதும், நாரணபுரம் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதும் பிறகு தெரிந்தது. கயிற்றைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பொங்குகிற பாலைப் பார்த்தார்.

அம்மா, நான் அன்னிய ஆண்பிள்ளையோடு பேசுகிறவள் இல்லை. அது கொழுப்பு இல்லை, சுபாவம். அவரும் அப்படித்தான் போலிருக்கிறது. செல்லக்கனியைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, இது நாங்க பத்தொம்பது வருசமா இருக்கிற இடம். உங்க மயினிகிட்டச் சொல்லுங்க."

மயினி ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன். நானும் செல்லக்கனியைப் பார்த்துச் சொன்னேன். "நாங்க இருபத்தொம்பது வருசமா இருக்கோம்னு அவுககிட்டச் சொல்லுட்டி."

"மயினி இருபத்தொம்பதுங்காக" என்றாள் அவள்.

"அதுவும் உண்மைதான். ஆனா அது இந்த இடம் இல்லைன்னு சொல்லுங்க. கோயில் படியில இருந்து இங்க நூத்திப்பத்து முழம். எங்க இடம்."

"ஆத்துல இருந்து நாலு கட்டு, எங்க இடம்னு சொல்லு."

"கட்டுன்னா என்ன அளவு தங்கச்சி?"

செல்லக்கனி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்துப்போய், "நான் சுள்ளி பொறுக்கப் போறேன், நீங்க ரெண்டு பேரும் அடுப்புகிட்டப் பேசிக்கிடுங்க" என்று போய்விட்டாள். பேசிக்கொள்ள ஆள் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பொங்கி வழிந்தது. நான் முதல் துளியை மண்ணில் விட்டேன்.

அவர் கயிற்றைச் சுருட்டினார். "அய்யனார் பாத்துட்டாரு" என்று பாலிடம் சொன்னார். "நாங்க கீழ போய்க்கிடுதோம்."

அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. இருபது பதில் தயாராக வைத்திருந்தேன்.

கீழே போய்க் கல் வைத்தார்கள். மத்தியானம் எங்கள் ஆட்கள் வந்து தார்ப்பாய் கட்டினார்கள். மூன்று மணிக்கு அவர் மகள் வந்து செல்லக்கனியிடம் சொன்னாள், "நாலு மணிக்குக் கிழக்குக் கிளை வழியாக் குரங்கு வரும், பதினொண்ணு. சோத்துப் பானை மேல கல்லு வைக்கணும்னு அப்பா சொல்லச் சொன்னாக."

நான்கு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டன. எண்ணினேன். பன்னிரண்டு. ஒருவர் தப்பாக எண்ணினால் திருத்தாமல் இருக்க எனக்கு முடியாது. "பன்னிரண்டுன்னு போய்ச் சொல்லிட்டு வா" என்று செல்லக்கனியை அனுப்பினேன். போனாள், வந்தாள்.

"குட்டி வயித்துல ஒட்டிக்கிட்டிருந்தா அதையும் ஒண்ணா எண்ணணுமான்னு கேக்காக மயினி."

கேள்வியில் நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு கட்டுக்குள் சின்னப் பீடி ஒன்று இருந்தாலும் அதுவும் ஒன்றுதான். "எண்ணணும்னு சொல்லு" என்றேன். போனாள். வந்தாள். "அப்பச் சரி, பன்னிரண்டுதான்ங்காக."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. இது எழுத வேண்டாம்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் குளித்துவிட்டு வருகிறேன், கால் சும்மா இருக்குமா, எண்ணிக்கொண்டே வந்தேன். நான்கு விரல் மடங்கியது, குடில் வரவில்லை. நின்று பார்த்தால் என் முன்னால் கொம்பையாவின் அடுப்பு. அங்கிருந்து எங்கள் குடிலுக்கு இன்னும் இருபத்து நான்கு. திரும்பிப் போய் இன்னொரு முறை எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். அவர் மகள், "சித்தி என்னத்தையோ தொலைச்சிட்டாகளா?" என்று கேட்டாள்.

மேலே மலையில் மழை பெய்து முந்தின நாள் ஆறு ஏறியிருந்திருக்கிறது அம்மா. ராத்திரியில் வடிந்துவிட்டது. கொம்பையா குடில் போட்டிருந்ததுதான் எங்கள் இருபத்தொன்பது வருஷத்து இடம். நான் பால் காய்ச்சினது அவருடைய இடம்.

என் கணக்கு தப்பவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு சரி. ஆறுதான் இருபத்து நான்கு காலடி நகர்ந்திருந்தது.

செல்லக்கனியை அனுப்பி விசாரித்தேன். முதல் நாளே அவருக்குத் தெரியுமாம். கீழே போய் நின்றதுமே கோயில் மணி தெரிந்ததாம். "பின்ன ஏன் சொல்லலையாம்?" என்றேன்.

"எண்ணி முடிச்சவுககிட்ட என்னத்தச் சொல்லன்னாக" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

பத்தொன்பது வருஷமாக எங்களுக்குப் பின்னால் இருபத்து நான்கு காலடியில் இருந்திருக்கிறார். நான் ஒரு முறையும் திரும்பிப் பார்த்ததில்லை. முன்னால் இருக்கிறவர்களை மட்டும்தான் எண்ணுவேன்.

அடுப்பை நகர்த்த முடியாது. ஆனால் எங்கள் இடத்தில் ஒருவர் இருக்கும்போது அதன் குறைகளைச் சொல்லாமல் விடுவது தர்மம் இல்லை. வடக்கு மூலையில் கட்டெறும்பு வரும், மஞ்சள் தூள் போடணும் என்று சொல்லி அனுப்பினேன். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும், அடுப்பு வாயை மாற்றணும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் பதிலுக்கு, எங்கள் தலைமாட்டில் தரை சாயங்காலம் ஓதம் கட்டி ஈரமாகும் என்று பாய்க்கு அடியில் சாக்கு போடச் சொன்னார். போட்டோம். ஓதம் கட்டியது. முதல் நாள் செல்லக்கனி ஒன்பது நடை போனாள். அமாவாசையன்று இருபத்தாறு நடை, ஒரு கட்டுக்கு ஒன்று கூட. கடைசி நடையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மயினி, எனக்குக் காலு வீங்கிட்டு. நீங்களே ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்தா என்ன? கண்ணுக்கு முன்னாலதான இருக்காக."

"அன்னிய ஆம்பளைகிட்ட எனக்கு என்னட்டி பேச்சு?"

"அன்னிய ஆம்பளைக்கா பாயசத்துல முந்திரி பொறுக்கிப் போட்டு அனுப்புனீக?"

அது அமாவாசைப் பாயசம். பக்கத்துக் குடிலுக்குக் கொடுப்பது வழக்கம். மற்ற குடில்களுக்கும் முந்திரி போட்டுத்தான் கொடுத்தோம். சிலதில் குறைந்திருக்கலாம். இது எழுத வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் உங்கள் வனவர் வந்தார், வெள்ளைப் பெயிண்டு டப்பாவும் தூரிகையுமாக. ஒவ்வொரு குடில் தலைமாட்டிலும் கல் நட்டு எண் எழுதிக்கொண்டே வந்தார். எங்கள் முறை வந்தபோது நல்ல வேளையாக, இல்லை, கெட்ட வேளையாக, செல்லக்கனி ஆற்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கொம்பையா மேலேறி வந்தார். கயிறு இல்லாமல் வந்தார்.

"இப்ப எழுதிட்டா எழுதினதுதான்" என்றார் வனவர். "ரெண்டு குடும்பமும் இடம் மாறி இருக்கீங்கன்னு கோயில்ல பேசிக்கிடுதாங்க. மாத்தணும்னா இப்பவே சொல்லிருங்க."

கொம்பையா பெயிண்டு டப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அவுக இடம் அவுகளுக்குத்தான். நாங்க மேல வந்திருதோம். இருபத்தொம்பது வருசத்து இடம்."

"டப்பாகிட்ட ஏன் அண்ணாச்சி சொல்லுதீங்க? அவுக இங்கதான நிக்காக" என்றார் வனவர்.

எங்கள் குடும்பம் மொத்தமும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மந்திரம், "சரின்னு சொல்லுக்கா, சரின்னு சொல்லு" என்று பின்னாலிருந்து முணுமுணுக்கிறான். நான் கீழே பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் அவர்கள் குடில் முழுவதும் தெரிகிறது. அடுப்பு, கொடி, கொடியில் காய்கிற துண்டு, எல்லாம். இடம் மாறினால் நான் கீழே, அவர் பின்னால். பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது.

நானே பேசினேன் அம்மா. நேராக. "இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்றேன். "ஆறு ஏறுனா முதல்ல உங்க அடுப்புதான் நனையும். அதைப் பாத்து நாங்க முன்கூட்டியே சுதாரிச்சுக்கிடலாம்."

அவர் டப்பாவிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே தன் அடுப்பைப் பார்த்தார். பிறகு, "நனைஞ்சா சொல்லி அனுப்புதேன்" என்றார்.

வனவர் ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. பதினேழு, பதினெட்டு என்று எழுதிவிட்டுப் போனார். மந்திரம் ஊர் போய்ச் சேரும் வரை என்னோடு பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும், "எண்ணி எண்ணி எங்களை மேட்டுல ஏத்திட்ட" என்றான். குடும்பத்தின் பாதுகாப்புக்காக நான் எடுத்த முடிவு அவனுக்கு விளங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்த நடுவில் ஒரு குடில் வந்தால் எங்களுக்கு ஆறு தெரியுமா? தார்ப்பாய் மறைக்கும். தண்ணீர் ஏறுவதை எப்படிப் பார்ப்பது? இது முதல் காரணம். அந்த இடம் சரிவு, சொம்புத் தண்ணீர் விட்டால் நிற்காமல் ஓடுகிறது. எறும்பும் இருக்கிறது. எவ்வளவு என்றால், சரியாகச் சொல்கிறேன், உள்ளங்கை வைத்தால் இருபத்தைந்து எண்ணுகிற வரை கடிக்கவில்லை, நாற்பதில்தான் கடித்தது. ஆனால் கடித்தது. அப்புறம் செல்லக்கனி சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவளுக்குக் கால் வீங்கும். என்ன செய்தி என்றா கேட்கிறீர்கள்? எவ்வளவோ இருக்கும் அம்மா. காற்று, குரங்கு, ஓதம். காட்டில் மூன்று நாள் என்றால் சும்மாவா?

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன். கேட்கவில்லையா? சரி. எழுத வேண்டாம்.

என்ன? ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கிறதா? அந்த இடத்தைப் பற்றியேவா?

யார் கொடுத்தது?

பதினெட்டாம் எண்காரரா? செவ்வாய்க்கிழமையா? ஒத்தையில் வந்தாரா? வேப்பமரத்தடியில் அவரும் நின்றாரா? எவ்வளவு நேரம்? ஒன்றே கால் மணியா. என்னைவிட அரை மணி கூட. கூச்சம் உள்ள மனுஷர்தான்.

என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். "நடுவில் உள்ள முப்பத்திரண்டு முழமும் சரிவாக இருப்பதாலும்..." ஆமாம், சரிவு. "மேலே உள்ள பதினேழாம் எண் குடும்பத்தார் ஆற்றைக் கண்காணிக்க இடைஞ்சலாக இருக்கும் என்பதாலும்..." அதைத்தானே நானும் சொன்னேன்! பாருங்கள் அம்மா. நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. போன ஆடிக்குப் பிறகு முகம் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை கிடையாது. தனித்தனியாக வந்த இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஒரே குறையைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

என்ன சொல்கிறீர்கள்? ஒற்றை ஆள் மனு என்றால் ரேஞ்சர் எடுத்துக்கொள்ள மாட்டாரா? இரண்டு எண்காரர்களும் சேர்ந்து கேட்டால் விட்டுவிடுவாரா?

சேர்ந்து என்று எழுத வேண்டாம் அம்மா. ஊரில் வேறு மாதிரிப் பேசுவார்கள். மந்திரத்துக்குத் தெரிந்தால் அது வேறு. செல்லக்கனி சிரித்தே...

சேர்ந்து என்று இருந்தால்தான் செல்லுமா? கட்டாயமா?

அப்படியென்றால் எழுதிக்கொள்ளுங்கள். புதுத் தாள் வேண்டாம், அவர் தாளிலேயே எழுதுங்கள், எதற்கு வீணாக இன்னொன்று. அவர் கையெழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் இருக்கிறதே. பேனாவைக் கொடுங்கள். எங்கே, அந்தக் கடைசியிலா? அவ்வளவு தள்ளி வேண்டாம். இங்கே, பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.